நொட்டை முதலாளி பார்த்த முழுப் படம்

காதலின் அன்றைய விலை கிலோவுக்கு நாற்பத்தைந்து. தகர டப்பாவோடு சேர்த்து நிறுத்தால் முப்பதுதான்.

விலை சொன்னவர் இரும்புக்காரர். மூடப்போகும் தியேட்டரின் ஆபீஸ் அறையில், அடுக்கியிருந்த வட்ட டப்பாக்களைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தபடி சொன்னார். கலர்ப் படமாக இருந்தால் அந்த விலையும் கிடையாதாம். கறுப்பு வெள்ளைச் சுருளில் வெள்ளி இருக்கிறது. படத்தில் எங்கெங்கே இருட்டோ அங்கங்கே வெள்ளி அதிகம். இதுவோ போர்க்காலக் கதை. குண்டு விழும் என்று ஊரே விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் படம்.

"முக்கால்வாசி இருட்டும்மா. கழுவினா நல்லா தேறும்" என்றார் இரும்புக்காரர். அந்தப் படத்தைப் பற்றி அந்த வருஷத்தில் எவரும் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

அறையில் இன்னொருவரும் நின்றிருந்தார். பழைய சாமான் கடை வைத்திருப்பவர். தியேட்டர் நாற்காலிகளை விலை பேச வந்த மனிதர், மேல் டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'அணைந்த ஜன்னல்' என்ற பெயரைப் படித்ததும் நாற்காலியை மறந்துவிட்டார். அவர் சரக்கை மறந்து நின்றதை அதற்குமுன் கடைத்தெருவில் யாரும் பார்த்ததில்லை.

கடைத்தெருவில் அவருக்கு நொட்டை முதலாளி என்று பெயர். பட்டம் சும்மா வரவில்லை. அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரே சட்டம்: வாங்கும் பொருளைப் பழி, விற்கும் பொருளைப் புகழ். வாங்க வந்தவன் வாய் தவறி 'நல்லாருக்கு' என்று சொல்லிவிட்டால் அந்த ஒரு வார்த்தைக்கு விலை கால்பங்கு ஏறிவிடும். ஆகவே முதலாளி, பிடித்த எதையும் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்லிவிடுவார். மர அலமாரியென்றால் கால் ஆடுகிறது. கண்ணாடியென்றால் முகம் கோணுகிறது. பவுர்ணமி நிலாவைப் பார்த்தே, "விளிம்புல கொஞ்சம் தேஞ்சிருக்கு" என்றவர். எதைப் பற்றி அவர் பேசாமல் போகிறாரோ அது அவருக்கு வேண்டாம் என்று அர்த்தம். எதற்குக் குறைகள் வரிசையாக வருகின்றனவோ, அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்த அகராதி கடைத்தெருவுக்குத் தெரியும். வீட்டுக்காரிக்கும் தெரியும். தெரிந்தும், எத்தனை வருஷந்தான் ஒருத்தி திட்டைக் கொஞ்சலாக மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பாள்?

இந்தப் படத்தில் அவர்களுக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. கல்யாணமான புதிதில் இதே தியேட்டரில் இருவரும் இந்தப் படத்துக்குத்தான் வந்தார்கள். கதை எளிது. போர் நடக்கும் ஊர்; இருட்டியபின் ஒரு கீற்று வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது. தெருத்தெருவாகப் போய் ஜன்னல்களைச் சரிபார்ப்பது ஒரு பெண்ணின் வேலை. அந்தத் தெருவில் ஒரு ரொட்டிக் கடைக்காரன். அடுப்பு எரியாமல் ரொட்டி வேகாது. வெந்தால் இடுக்கில் வெளிச்சம் கசியாமல் இருக்காது. அவள் வந்து ஜன்னலைத் தட்டி, "விளக்கை அணை" என்பாள். அவன் அணைப்பான். மறுநாள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் இடுக்கு விடுவான். இப்படியே காதல் முற்றி, அவனுக்குப் போர்முனைக்கு ஓலை வந்து, ரயில் புகை அவள் முகத்தை மூடும்போது இடைவேளை விட்டார்கள்.

அந்த இடைவேளையில் ஒரு தரகர் வந்து முதலாளியின் காதில், "பித்தளைக் கட்டில் ஒண்ணு. இப்ப வந்தா உங்களுக்கு" என்றார். முதலாளி எழுந்துவிட்டார். கூடவே அவளும் எழ வேண்டியதாயிற்று. மறுநாள் படத்தை மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை எங்கே ஆரம்பித்தாலும் ஒரே இடத்தில்தான் முடியும். உப்பில் ஆரம்பிக்கும், பால் கணக்கில் ஆரம்பிக்கும், கடைசியில் அவள் கேட்பாள்: "அதெல்லாம் இருக்கட்டும். அந்த ரொட்டிக்காரன் திரும்பி வந்தானா, இல்லையா?" முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ரயில். போகும் டிக்கெட் வாங்கியாயிற்று, வரும் டிக்கெட் வாங்கவில்லை. "எப்ப வருவே?" என்று கேட்டதற்கு, "எனக்குத் தோணறப்ப. அங்க ஒருத்தியாவது நான் எது செஞ்சாலும் நல்லாருக்குன்னு சொல்றா" என்று பெட்டியைத் துடைத்துக்கொண்டே பதில் வந்தது. போகாதே என்று முதலாளிக்கு வாய் நிறையச் சொல்ல ஆசை. வேண்டும் என்று சொன்னால் விலை ஏறிவிடுமே! "பெட்டி பூட்டு சரியில்ல" என்று மட்டும் சொன்னார். அவர் அகராதியில் அது ஒரு கதறல். அவள் காதில் அது பூட்டாகத்தான் விழுந்தது.

ஆக, அந்த டப்பாக்களைப் பார்த்ததும் அவருக்குப் பளிச்சென்று தோன்றியது: மீதிப் படத்தைக் காட்டிவிட்டால் போதும், வழக்குத் தீர்ந்துவிடும், ஒருவேளை பெட்டியும் பரணுக்குத் திரும்பிவிடும்.

வேண்டும் என்று மனது முடிவுசெய்த மறுநொடி, பழக்கதோஷம், வாய் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"இதப் போய் நாப்பத்தஞ்சுக்கா? படமா இது? ஒரே இருட்டு. யாரு பேசறாங்கன்னே தெரியாது. அந்தப் பொண்ணுக்கு மூக்கு வேற கொஞ்சம் நீளம்" என்றார்.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தியேட்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். புருஷன் போனபின் டிக்கெட் கிழிப்பதிலிருந்து மெஷின் ஓட்டுவது வரை தானே செய்து தியேட்டரைத் தூக்கி நிறுத்தியவள். கட்டடம் கைமாறிவிட்டது; வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும்.

"எந்தப் பொண்ணு மூக்கு?"

"படத்துல வர்ற பொண்ணும்மா."

"இரும்புக்காரரே, வியாழக்கிழமை மத்தியானம் வண்டி கொண்டாந்து எடுத்துக்கங்க."

முதலாளி பதறிப்போனார். "அம்மா, நான் அம்பது தரேன்!"

"ஐந்நூறு குடுத்தாலும் உங்களுக்கு இல்ல. இவரு உருக்கப் போறவரு, ஆனா மூக்கப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? கொல்றவன் கையில குடுப்பேன், குறை சொல்றவன் கையில குடுக்க மாட்டேன்."

"சரி, விக்க வேணாம். ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. என் வீட்டுல ஒருத்தி பாக்கணும்."

தியேட்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஓட்டறேன். வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு, இரும்புக்காரர் வண்டி வர்றதுக்கு முன்னால. ஆனா ஒரு கண்டிஷன். இந்தப் படத்துல நல்லதா ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. கூட நொட்டை வரக்கூடாது."

"அவ்வளவுதானே! அந்த ரொட்டிக்காரன் நல்லா நடிச்சிருக்கான். ஆனா..."

"போய்ட்டு வாங்க."

"இல்லம்மா, இருங்க. பாட்டு நல்லா இருந்துச்சு. என்ன, கொஞ்சம்..."

"கதவு அந்தப் பக்கம்."

இரும்புக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, உங்க நாக்குல தராசு கட்டித் தொங்குது. ஒரு தட்டு ஏறினா இன்னொரு தட்டு தானா எறங்குது."

முதலாளி வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். பாராட்டு என்ன, வராத வித்தையா? சுவரில் நூறு முறை ஆணி அடித்தவனுக்குக் கை பழகாதா? முதலில் வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று முடிவுசெய்தார். முடிவு நல்ல முடிவு. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டார்.

தட்டின் முன் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, பல் பிடுங்கக் கொடுப்பவரைப் போல, "சாப்பாடு நல்லாருக்கு" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லியே."

"உன் புடவையும் நல்லாருக்கு."

"இது தரை துடைக்க எடுத்து வெச்ச புடவை."

"உன் குரல் நல்லாருக்கு. பொறுமை நல்லாருக்கு. கையெழுத்து..." பாதியில் நின்றார். அவள் முகம் மாறிக்கொண்டே போனது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கும் ஆளின் முகம்.

"அப்படியா சேதி" என்றாள் மெல்ல. "வாங்கறப்ப பழி, விக்கறப்ப புகழ். உங்க வீட்டுச் சட்டம் எனக்குத் தெரியாதா? ஆக, என்னைத் தள்ளிவிட முடிவு பண்ணிட்டீங்க. மக வீட்டுக்கு நான் போறதுல உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்!"

"ஐயையோ, அது இல்ல..."

"இத்தனை வருஷம் குறை சொன்னீங்க, சரி, வேணும்னு நெனைக்கறாருன்னு இருந்தேன். இன்னிக்குப் புகழ ஆரம்பிச்சிட்டீங்க. இதுக்கு மேல என்ன இருக்கு?"

அன்று மாலையே பெட்டியில் குளிர்காலத் துணிகளும் ஏறின. அது கோடைக்காலம். முதலாளி வாயைத் திறக்கவே பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தார். பழித்தால் வலி, புகழ்ந்தால் விற்பனை. இரண்டு பக்கமும் அடைத்த சந்தில் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி ஆகிவிட்டது அவர் பாடு.

வியாழன் காலை, "கொஞ்சம் தியேட்டர் வரைக்கும் வா" என்று மட்டும் சொன்னார். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஊருக்குப் போகிறவள் கடைசியாக ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஆபீஸ் அறையில் டப்பாக்களின் மேல் பெயரைப் படித்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அவரைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"நல்ல வார்த்தை கொண்டாந்தீங்களா?" என்றாள் தியேட்டரம்மா.

"என்ன நல்ல வார்த்தை?" என்றாள் வீட்டுக்காரி.

தியேட்டரம்மா நடந்ததைச் சொன்னாள். மூக்கு விவகாரம் உட்பட. வீட்டுக்காரி கேட்டு முடித்து, பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அதுக்குத்தான் தரை துடைக்கற புடவை நல்லாருக்குன்னாரா! அம்மா, இவரு விஷயம் உங்களுக்குத் தெரியாது. எங்கப்பா கடிகாரக் கடை வெச்சிருந்தாரு. இவரு தினம் வந்து சுவர்க் கடிகாரம் ஒண்ணப் பாத்துக் குறை சொல்வாரு. முள்ளு வளைஞ்சிருக்கு, மணி அடிச்சா தகரம் மாதிரி இருக்குன்னு. ஒரு மாசம் சொன்னாரு, வாங்கல. கடைசில ஒரு நாள் எங்கப்பாகிட்ட, 'உங்க பொண்ணு உயரம் கம்மி, பேச்சு ஜாஸ்தி, சிரிச்சா அடுத்த தெருவுக்குக் கேக்குது'ன்னாரு. எங்கப்பாவும் வியாபாரி. 'சரி, கல்யாணத்த எப்ப வெச்சுக்கலாம்?'னு கேட்டுட்டாரு."

தியேட்டரம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை முழுங்கிவிட்டு, "அதெல்லாம் உங்க வீட்டுக் கதை. என் கண்டிஷன் கண்டிஷன்தான். இத்தனை வருஷம் இந்தத் திரைய நான் வெளுத்து வெச்சது நொட்டை கேக்கறதுக்கு இல்ல" என்றாள்.

இருவரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு இடம் வரும். அவ ஜன்னலத் தட்டுவா. அவன் விளக்க ஊதிடுவான். திரையில ஒண்ணுமே தெரியாது. மாவு பெசையற சத்தம் மட்டும் கேக்கும். அவ போகாம வெளியவே நிப்பா. அதுவும் தெரியாது, மூச்சு விடற சத்தத்துலதான் தெரியும். எல்லாரும் படம் அறுந்து போச்சுன்னு கத்தினாங்க. இவ கத்தல. என் சட்டைக் கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டா." துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அந்த இருட்டு நல்லா இருந்துச்சு."

எல்லோரும் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார்கள். சுவரில் பல்லிகூடக் காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

தியேட்டரம்மா எழுந்து மெஷின் அறைச் சாவியை எடுத்தாள்.

"பாதியிலேருந்து போட்டாப் போதும்மா" என்றார் முதலாளி. "முதல் பாதி பாத்தாச்சு."

"பாதியிலேருந்து ஆரம்பிக்க இது என்ன வெட்டி மிஞ்சின துணியா? உக்காருங்க."

காலியான தியேட்டரில் நடு வரிசையில் இருவர் மட்டும். படம் ஓடியது. கீறல்கள் மழையாய்ப் பெய்தன. திரையில் அந்தப் பெண் ஜன்னலைத் தட்டினாள், அவன் விளக்கை ஊதினான். அந்த இருட்டு வந்தது. மாவு பிசையும் சத்தம் கேட்டது. முதலாளி தன் சட்டைக் கையை, யாரும் கேட்காமலே, பக்கத்து நாற்காலிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். யாரும் பிடிக்கவில்லை. நகர்த்தியது நகர்த்தியபடியே இருந்தது.

ரயில் புகை வந்தது. இடைவேளை.

விளக்கு எரிந்ததும், வினை மாதிரி, பின்வரிசையிலிருந்து இரும்புக்காரரின் தலை எட்டிப் பார்த்தது. நேரத்தோடு வந்துவிட்டார். குனிந்து முதலாளியின் காதோரம், "அண்ணே, நாற்காலி விஷயம். அம்மா அத என் பொறுப்புல விட்டிருக்காங்க. எரநூறு நாற்காலி, அத்தனையும் தேக்கு. ஓட்டல்காரர் வாசல்ல நிக்கறாரு, மொத்தமா அள்ளிட்டுப் போகப் போறாரு. நீங்க இப்ப வந்து ஒரு விலை சொன்னா உங்களுக்கே முடிச்சிடறேன். அஞ்சே நிமிஷம்" என்றார்.

முதலாளியின் விரல்கள் அதற்குள் கைப்பிடியின் அடிப்பக்கம் போய்விட்டிருந்தன. நிஜத் தேக்கு. வார்னிஷ் சுரண்டினால் புதுசு. ஒன்றுக்கு இரண்டாகப் போகும். முழங்கால் தானாக எழப் பார்த்தது.

பக்கத்தில் அவள் திரும்பவே இல்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த பையின் காதை மட்டும் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். இடைவேளையில் எழுந்து பழகியவளின் கை.

முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும், வெள்ளத்தில் போகிறவன் மரக்கிளையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

"படம் ஓடுது. அப்புறம் வாங்க."

"எங்கண்ணே ஓடுது? இடைவேளைதானே?"

"இடைவேளையும் படத்துல சேத்திதான். நகருங்க, மறைக்குது."

இரும்புக்காரர் போனார். கொஞ்ச நேரத்தில், வாசல் பக்கம் யாரோ கைகுலுக்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இருநூறு தேக்கு நாற்காலி ஓட்டலுக்குப் போன சத்தம் அது. முதலாளி கைப்பிடியை விடவில்லை. அப்போது விளக்கு அணைந்தது. இருட்டில் அவர் சட்டைக் கையை ஏதோ இறுக்கியது. பையின் காதை விட்டுவிட்டு வந்த கை.

இரண்டாம் பாதியில் குண்டு விழுந்தது, தெரு இடிந்தது, கடிதம் நின்றுபோனது, போர் முடிந்தது. கடைசியில் தெரு முழுக்க விளக்குகள். ஒரே ஒரு ஜன்னல் மட்டும் இருட்டு. ரொட்டிக் கடை ஜன்னல். அந்தப் பெண் வந்து நிற்கிறாள். இத்தனை நாள் அணை அணை என்று தட்டிய ஜன்னலை மெல்லத் தட்டுகிறாள். "விளக்கைப் போடு" என்கிறாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். படம் முடிந்தது.

"வந்துட்டான்!" என்று முதலாளி எழுந்தே விட்டார். "பாத்தியா, விளக்கப் போட்டுட்டான்!"

"படம் முடிஞ்சா எல்லாத் திரையும் வெள்ளையாத்தான் ஆகும்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அம்மா!" என்று மேலே மெஷின் அறையைப் பார்த்துக் கத்தினார் முதலாளி. "அது விளக்கா, சுருள் முடிஞ்ச வெளிச்சமா?"

சதுர ஓட்டையிலிருந்து குரல் வந்தது. "ஓடின நாள்லேருந்து இதே சண்டைதான். பாதிப் பேரு வந்துட்டான்னு போவாங்க, பாதிப் பேரு வரலன்னு போவாங்க. நான் டிக்கெட் காசு ரெண்டு பேருகிட்டயும் வாங்கிக்குவேன்."

"இதுக்கா இத்தனை வருஷம் என்னைக் கேட்டே!" என்றார் முதலாளி.

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சிரித்தாள். "வந்துட்டான், வந்துட்டான். உள்ள உக்காந்துதான் இருந்திருக்கான். 'ஜன்னல் தாழ்ப்பாள் சரியில்ல, தெரு ஒரே வெளிச்சமா இருக்கு'ன்னு அஞ்சு நிமிஷம் குறை சொல்லிட்டு அப்புறம் எந்திரிச்சு விளக்கப் போட்டிருப்பான்."

ஆபீஸ் அறையில் தியேட்டரம்மா டப்பாக்களை முதலாளி பக்கம் நகர்த்தி, "நாப்பத்தஞ்சு. இரும்புக்காரர் விலைதான். பாராட்டுக்குத் தள்ளுபடி கிடையாது" என்றாள். முதலாளி பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். அவர் நெற்றியில் மறுபடியும் ஒரு புறங்கை வந்து காய்ச்சல் பார்த்தது. இரும்புக்காரர் காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டில் பேரம் சாயங்காலம் வரை நடந்தது. அவள் மூன்று மாசத்தில் ஆரம்பித்தாள். அவர் மூன்று நாளில் ஆரம்பித்தார். மகள் ஊரில் தண்ணீர் சரியில்லை என்றார், கொசு என்றார். மகள் ஊரில் அவருக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது, இத்தனை குறை சொல்ல என்று அவள் ஒரு கணம் யோசித்தாள். புரிந்துகொண்டாள். இரண்டு வாரம் என்று பேரம் படிந்தது. குளிர்காலத் துணிகள் பெட்டியிலிருந்து இறங்கின. வரும் டிக்கெட்டை அவரே போய் வாங்கிவந்தார். அதற்குப் பக்கத்திலேயே தனக்கும் ஓர் இடம் போட்டிருந்தார். அழைத்துவரப் போகிறாராம். "அந்தப் பெட்டிப் பூட்ட நம்ப முடியாது" என்று காரணமும் சொன்னார்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது. இருநூறு தேக்கு நாற்காலி, நட்டம். ஓட்ட மெஷின்கூட இல்லாத ஒரு படம், கடையின் பின்னறையில் சரக்கு. அதை விலைக்குக் கேட்டு வருகிறவரிடம் முதலாளி, 'இது சுத்த மோசமான படம், ஒரே இருட்டு' என்று மணிக்கணக்கில் குறை சொல்லி அனுப்பிவிடுகிறார்; எனவே அது விற்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. கொடுக்க வேண்டியிருந்த பாதிப் படம், கொடுத்தாயிற்று. அதற்கு ஏறிக் கிடந்த வட்டியை மட்டும் அவள் தள்ளவில்லை. தவணையில் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தாள்.

முதல் தவணையை அவர் ரயிலடியிலேயே கட்டினார். வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, "நீ இல்லாம வீடு நல்லா இருக்காது" என்றார்.

அதில் 'ஆனா' இல்லை, சரிதான். ஆனால் 'நல்லா இருக்காது' என்பது வீட்டைப் பற்றிய நொட்டை என்று கண்டுபிடித்து, அவள் பாதியைத்தான் வரவு வைத்துக்கொண்டாள். மீதி பாக்கி நிற்கிறது.